பரங்கிக்காய் மிஞ்சினால்: புளிக்கறியா, கூட்டா, அல்வாவா? விதையை எறிவதா, வறுப்பதா?

செட்டிநாட்டு வீடுகளில் பரங்கிக்காய் மிஞ்சுவது பெரும்பாலும் கூட்டம் கலைந்த மறுநாள்தான். பொங்கலோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்போ, கல்யாணமோ முடிந்திருக்கும். சென்னைக்கும் கோவைக்கும் போகிறவர்கள் ஆளுக்கொரு கீற்றை வாங்கிக்கொண்டு கார் ஏறியிருப்பார்கள். நாற்பது பேருக்குக் கணக்குப் போட்டு வாங்கிய காயில் பாதி வீட்டின் பின்பக்க இரண்டாம் கட்டு முற்றத்தில் கிடக்கும். வீட்டில் மிச்சம் இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவருக்குச் சர்க்கரை. தூக்கிப் போட மனசு வராது. "அல்வாவாக் கிண்டிருவோமா ஆச்சி?" என்று உதவிக்கு வந்த பெண் கேட்பாள். ஆச்சிக்கும் ஆசைதான், ஆனால் யார் சாப்பிடுவது?

இந்த இடத்தில் திகைத்து நிற்கிறவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சப் பரங்கி தன்னோடு வேறு எதையெல்லாம் செலவழிக்க வைக்கிறது என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முப்பது ரூபாய்க் காயைக் காப்பாற்ற முந்நூறு ரூபாய்க்கு நெய் ஊற்றுவதைச் சிக்கனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

காயின் முற்றல்தான் முதல் கேள்வி. தோலில் நகத்தை அழுத்துங்கள். இறங்கினால் இளசு, வழுக்கினால் முற்றல். விதையும் சொல்லிவிடும். தட்டையாக, வெள்ளையாக, நசுங்குகிற மாதிரி இருந்தால் இளங்காய். தடித்து, பால் நிறம் மாறி, விளிம்பு கெட்டியாக இருந்தால் முற்றின காய். இளங்காயில் அல்வா கிண்டினால் தண்ணீரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். நன்றாக முற்றியதைக் கூட்டில் போட்டால் இனிப்பு தூக்கலாக நிற்கும்.

அடுத்து, எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பது. முழுப் பரங்கி காம்போடு, அடிபடாமல், காற்றோட்டமான நிழலில் சாக்கின் மேல் இருந்தால் இரண்டு மூன்று மாதம்கூட அசையாது. கத்தி பட்டுவிட்டால் கதை வேறு. பிரிட்ஜில் நான்கைந்து நாள், வெளியே வைத்தால் நம் வெயிலுக்கு ஒரு நாள்.

மூன்றாவது, கூட இழுத்துக்கொண்டு வரும் பொருள்: எண்ணெய், தேங்காய், நெய், சர்க்கரை, கேஸ். நான்காவது, அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது. கடைசியாக, யார் சாப்பிடப் போகிறார்கள்? பச்சைக் காய் 100 கிராமில் 26 கலோரிதான். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். சர்க்கரைக்காரருக்குப் பரங்கி பயப்படுகிற காய் இல்லை. அதில் நாம் சேர்ப்பவைதான் பயப்பட வேண்டியவை.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு துணுக்கு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், முழுக்க எறிந்துவிடுங்கள். பூசணிக் குடும்பத்துக் காய்களில் சில சமயம் மிகுந்துவிடும் குக்கர்பிட்டசின் என்ற பொருள் அது. வேகவைத்தாலும் போகாது, வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய் விடும்.

## வெட்டிய அன்றே செய்ய வேண்டியது

எந்த வழியில் போனாலும் இது பொது. உள்ளே இருக்கும் நாரையும் விதையையும் அன்றே கரண்டியால் வழித்து எடுத்துவிட வேண்டும். காய் முதலில் கெடுவது அங்கிருந்துதான். நாருக்கும் கீற்றுக்கும் நடுவே ஒரு வழவழப்பு தட்டினால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வழித்த கீற்றைக் கழுவாமல், துணியால் ஒற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

நாரை எறிய வேண்டாம். காய்ந்த மிளகாய், உளுந்து, கொஞ்சம் புளியோடு வதக்கி அரைத்தால் அன்றைய இட்லிக்குத் துவையல் ஆயிற்று. அதற்கென்று ஒரு முழுத் தேங்காய் உடைக்காதீர்கள், அவ்வளவுதான்.

## புளிக்கறி

இரண்டு பேர் இருக்கும் வீட்டில், அரைக் கிலோவுக்கு மேல் காய் மிஞ்சினால் என் ஓட்டு இதற்குத்தான். முற்றலும் சரி, இளசும் சரி, புளிக்கறிக்கு ஒத்துப்போகும். மதியம் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம், மறுநாள் காலை இட்லி தோசைக்கும் அதுவே. புளி, உப்பு, மேலே மிதக்கும் நல்லெண்ணெய் மூன்றும் சேர்ந்து பிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் ருசி அதிகம்.

அரைக் கிலோ காய்க்கு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, சின்ன எலுமிச்சை அளவு புளி, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், அதே அளவு மல்லித்தூள், மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். தாளிக்கக் கடுகு, உளுந்து, சோம்பு, கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை. காய் இளசாக இருந்தால் மட்டும் இறக்கும்போது சுண்டைக்காய் அளவு வெல்லம். முற்றினதற்கு வெல்லம் தேவையே இல்லை.

சூட்சுமம் புளியை எப்போது ஊற்றுவது என்பதில் இருக்கிறது. புளிப்பு பட்டால் காய் குழைவது மட்டுப்படும். அதனால் முற்றின காயை முதலில் வதக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி, முக்கால் பதம் வெந்தபிறகு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் அரை மணி நேரம் கழித்தும் நடுவே விறைப்பாக நிற்கும். இளங்காய்க்கு நேர்மாறு: புளித்தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் காயைப் போட வேண்டும், அப்போதுதான் துண்டு துண்டாக நிற்கும். தோலைச் சீவ வேண்டாம். தோல் இருந்தால்தான் கிண்டும்போது கரையாது, பெரிய துண்டுகளாகவும் போடலாம். தண்ணீரில் கைச்சிக்கனம் வேண்டும், ஏனென்றால் காயே நிறைய விடும். துண்டுகளின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக நின்றால் இறக்கிவிடலாம்.

அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில் புளியைக் கரைத்து, தூளுக்குப் பதில் பச்சை மிளகாய் போட்டுச் செய்தால் மண்டிப் பக்குவம் வந்துவிடும். தூள் காரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்லது. ஆனால் அரிசித் தண்ணீர் சேர்ந்தது சீக்கிரம் ஊசிப்போகும், அன்றே தீர்க்க வேண்டும்.

மறைந்த செலவு என்றால் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும். வெங்காய விலை ஏறிக் கிடக்கும் மாதத்தில் பாதி வெங்காயத்தைக் குறைத்துப் பூண்டைக் கூட்டிக்கொள்ளலாம், கறி கோபித்துக்கொள்ளாது. எண்ணெயைக் குறைத்தால் மட்டும் தாங்கும் நாளும் குறையும். புளி ஆகாத வயிற்றுக்காரருக்கு இந்த வழி சரிப்படாது.

## தேங்காய்ப்பால் கூட்டு

இளங்காயும் நடுத்தரக் காயும் இதற்கு. பாசிப்பருப்பைக் குழையாமல் வேகவைத்து, காயைச் சேர்த்து, பச்சை மிளகாய் கீறிப்போட்டு, கடைசியில் கெட்டிப்பால் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்குவது. காரம் இல்லாத வாய்க்கும், பல் இல்லாத வாய்க்கும் இதைவிட இதமானது இல்லை. இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆனால் மிச்சத்தைத் தீர்க்கும் வழியாக இது பலவீனமானது. இரண்டு பேருக்குக் கால் கிலோ காய்தான் போகும், ஒரு மூடித் தேங்காய் செலவாகும், இரவுக்குள் தீர்த்தாக வேண்டும். பிறகு மிச்சப் பரங்கிக்குப் பதில் மிச்சக் கூட்டு. பேரப்பிள்ளைகள் இன்னும் கிளம்பாமல் இருந்தால் செய்யுங்கள்.

## அல்வா

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான், கடைசியாக நினைக்க வேண்டியதும் இதுதான். ஒரு கிலோ துருவலுக்கு 300 முதல் 400 கிராம் சர்க்கரை, அரை லிட்டர் பால், 100 கிராமுக்குக் குறையாமல் நெய், மேலே தூவ முந்திரி. தண்ணீர் முழுக்க வற்றும்வரை ஒரு மணி நேரம் அடி பிடிக்காமல் கிண்ட வேண்டும். தோள்வலி உள்ளவர்கள் அதையும் செலவில் எழுதிக்கொள்ளலாம். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது போட்ட காயைவிடக் குறைந்த எடை. அதில் பாதிக்குப் பாதி நாம் கடையில் வாங்கிக் கொட்டிய பொருள்.

அல்வா சரியான தேர்வாகும் சந்தர்ப்பமும் உண்டு. காய் நன்றாக முற்றி, சதை அடர்ந்த ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. விசேஷத்துக்கு வாங்கிய நெய்யும் முந்திரியும் எப்படியும் மிஞ்சிக் கிடக்கின்றன. மறுநாள் யாரோ வரப்போகிறார்கள் அல்லது நீங்கள் யார் வீட்டுக்கோ போகிறீர்கள். அப்போது கிண்டுங்கள், வெறுங்கையோடு போகாமல் இருக்கலாம். துருவியதும் பிழிந்து சாற்றை எடுத்துவிட்டு நெய்யில் வதக்கினால் கிண்டும் நேரம் கணிசமாகக் குறையும். அந்தச் சாற்றைப் பருப்பு வேகவைக்கும் தண்ணீரோடு சேர்த்துவிடலாம். பிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

## பணியாரம்

இனிப்புதான் வேண்டும், அல்வா அளவுக்கு இறங்க மனசில்லை என்றால் நடுவழி இது. ஆவியில் வெந்த முற்றல் பரங்கியை மசித்து, மிச்ச இட்லி மாவில் கலந்து, வெல்லப்பாகும் ஏலக்காயும் சேர்த்துக் குழிச்சட்டியில் ஊற்றுவது. பரங்கியின் இனிப்பு இருப்பதால் வெல்லம் பாதி போதும். மசியலில் தண்ணீர் இருந்தால் மாவு தளர்ந்து குழியில் ஒட்டிக்கொள்ளும். துணியில் கட்டி வடித்துவிட்டு, ஒரு கரண்டி அரிசி மாவும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு ஈடு போதும். ஆறினால் ரப்பர்.

## பிரீசரில் போடுவது

முடிவெடுக்க முடியாதவர்களின் புகலிடம். துண்டாக வெட்டி உறைய வைத்தால், வெளியே எடுத்ததும் தண்ணீர் விட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும், புளிக்கறிக்கு லாயக்கில்லை. வேகவைத்து மசித்து, ஒரு தடவைக்கு ஆகும் அளவாகப் பிரித்து வைத்தால் மூன்று மாதம் பயமில்லை. சாம்பாரைக் கெட்டியாக்கவும், சப்பாத்தி மாவில் பிசையவும், பணியாரத்துக்கும் கைகொடுக்கும்.

பராமரிப்புக்கென்று பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த பிரீசரைத் திறக்காமல் விட்டால் அதைத் தாண்டிவிடும், அரைகுறையாக இருந்தால் சந்தேகம். முழுக்க உருகிப் பல மணி நேரம் கிடந்ததை மறுபடி உறைய வைக்காதீர்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு மாசக்கணக்கில் சென்னைக்குப் போகிறவர்களுக்கு இந்த வழியே கிடையாது. பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கும் யோசனையும் வேண்டாம். பரங்கியில் புளிப்பு குறைவு. காற்றுப் புகாத பாட்டிலில் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர அது தோதான இடம்.

ஒரு பார்வையில்:

| வழி | எந்தக் காய்க்கு | அடுப்பில் நேரம் | பிரிட்ஜில் தாங்குவது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| புளிக்கறி | இரண்டும் | 30 நிமிடம் | 3 நாள் | நல்லெண்ணெய், வெங்காயம் உரிப்பது |
| தேங்காய்ப்பால் கூட்டு | இளசு, நடுத்தரம் | 25 நிமிடம் | அன்றே தீர்க்க வேண்டும் | ஒரு மூடித் தேங்காய் |
| அல்வா | நல்ல முற்றல் மட்டும் | 1 மணி நேரம் | 1 வாரம் | நெய், சர்க்கரை, பால், கேஸ் |
| பணியாரம் | முற்றல் | 40 நிமிடம் | சூட்டோடு சாப்பிட வேண்டும் | எண்ணெய், வெல்லம் |
| பிரீசர் | முற்றல், மசித்து | 20 நிமிடம் | உறைநிலையில் 3 மாதம் | இடம், மின்தடை |

## விதை: வறுப்பதா, உடைப்பதா, அரைப்பதா, விதைப்பதா

சதையைவிட விதையில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. ஒரு காயில் கிடைப்பது ஒரு கை, மிஞ்சினால் இரண்டு கை. அதற்காக ஒரு பகல் முழுக்க உட்காருவதா என்று ஒரு கட்சி. கடையில் என்ன விலை விற்கிறது தெரியுமா என்று இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உடைத்த பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 கிராம் புரதமும் நல்ல அளவு மெக்னீசியமும் துத்தநாகமும் உண்டு. கூடவே பாதி எடைக்குக் கொழுப்பு, 550 கலோரிக்கு மேல். அள்ளி அள்ளித் தின்கிற பண்டம் இல்லை.

கடையில் பச்சை நிறத்தில் தோடில்லாமல், அதாவது மேல் ஓடு இல்லாமல், விற்கும் விதையோடு நம் விதையை ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். அது தோடே இல்லாமல் விதை வைக்கும் தனி ரகத்திலிருந்து வருவது, அல்லது இயந்திரத்தில் உடைத்தது. நம் சந்தைப் பரங்கி விதைக்குக் கெட்டித் தோடு உண்டு.

தோட்டோடு வறுப்பது. ஆள் குறைவு, நேரம் குறைவு என்றால் இது. விதையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால் நார் பிரியும், விதை மேலே மிதக்கும். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, ஈரம் போக ஒரு நாள் வெயிலில் போட்டு, இரும்புச்சட்டியில் சின்னத் தீயில் கால் மணி நேரம் வறுங்கள். படபடவென்று வெடிக்கும் சத்தம் அடங்கும்போது பதம். கொதிக்க வைப்பதால் உப்பு உள்ளே இறங்கும், தோடும் மொறுமொறுப்பாகும். நடுத்தரக் காயின் விதைக்குத்தான் இது சிறப்பு. நன்றாக முற்றினதில் தோடு நாராக வாயில் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். ரத்தக்கொதிப்புக்காரருக்கு உப்பில்லாமல். மாடியில் காயப்போட்டால் அணிலுக்குக் காவல் இருக்க ஒரு ஆள் வேண்டும், அல்லது வலை மூட வேண்டும்.

உடைத்துப் பருப்பு எடுப்பது. காய்ந்த விதையின் விளிம்பை நகவெட்டியால் வெட்டித் திறந்து பருப்பை எடுப்பது. எடையில் ஏறத்தாழ கால் பங்கு தோடாகப் போய்விடும். பட்டாலையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே செய்ய ஆள் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். கூலி கொடுத்துச் செய்கிற வேலை இல்லை. கிடைத்ததை இட்லிப்பொடியில் சேர்த்து அரைத்தால் எள்ளைக் குறைத்துக்கொள்ளலாம்.

அரைத்துக் குழம்பில் சேர்ப்பது. இதுதான் என் தேர்வு. பரங்கியின் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் அந்த விதையை வறுத்து அரைத்தே பிபியான் என்று ஒரு குழம்பு வைக்கிறார்கள். நம் அடுப்படியில் அந்த இடத்தில் இருப்பது கசகசாவும் முந்திரியும். இரண்டுமே விலை உள்ளவை. தோட்டோடு லேசாக வறுத்த விதையை வெந்நீரில் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் கெட்டியான பால் கிடைக்கும். உடைக்கும் வேலையே இல்லை, தோடு துணியில் தங்கிவிடும். சோம்பு, மிளகு அரைத்துவிட்ட சிவப்புக் குழம்பில் கசகசாவுக்குப் பதில் இதை ஊற்றலாம். வெள்ளைக் குருமாவில் மட்டும் கூடாது. பருப்பின் மேல் இருக்கும் பச்சைச் சவ்வு கலந்து சாம்பல் பச்சையாக நிறம் காட்டும், விருந்தாளி கரண்டியை வைத்துவிடுவார்.

வறுத்ததோ உடைத்ததோ, எண்ணெய் அதிகம் உள்ள விதை. கோடையில் அலமாரியில் வைத்தால் சீக்கிரம் காறல் வாடை அடித்துவிடும். பிரிட்ஜில் வையுங்கள்.

விதைப்பது. கொல்லையில் இடம் இருக்கிறவர்களுக்கு. நன்றாக முற்றின காயின் தடித்த விதையை மட்டும், வேகவைக்காமல் வறுக்காமல், நிழலில் உலர்த்தி எடுத்து வையுங்கள். ஆடிப்பட்டம் ஒன்று, மார்கழி தை ஒட்டி இன்னொன்று. குழிக்குக் குழி இரண்டு மீட்டர் விட்டு, ஒரு குழிக்கு ஐந்து விதை ஊன்றி, வந்ததில் நல்லதாக இரண்டை விட்டால் போதும். மாடித் தொட்டியில் வைத்துவிட்டுக் கொடி படரவில்லை என்று வருந்துவதில் பயன் இல்லை. கடைக்காய் கலப்பின ரகமாக இருந்தால் தாய்க்காய் மாதிரியே வராது. பக்கத்தில் வேறு பரங்கி பூத்திருந்தாலும் தேனீ கலந்துவிடும். குறிப்பிட்ட ரகம் வேண்டும் என்றால் விதையை வாங்கித்தான் ஆக வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகக் காய் ஏழெட்டுக் கிலோ வரும், கோ 2 ஒன்றரை முதல் இரண்டு கிலோதான். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குக் கோ 2-ஐ ஊன்றுங்கள், காய் மிஞ்சுகிற பேச்சே குறையும்.